டயருக்குள் போடும் பேலன்ஸ் மணி: கடையில் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் டயர் கடை வைத்திருக்கிறேன். மேற்கே மலை ஏறினால் கோட்டவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர். கிழக்கே தென்காசி, அப்படியே மதுரைப் பக்கம். இரண்டு பக்கத்து பைக்கும் இங்கே வந்து நிற்கும். கொஞ்ச காலமாக, வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள்: ரிம்மில் வெயிட் ஒட்டாமல், டயருக்குள் மணியைக் கொட்டி வீலை பேலன்ஸ் செய்யலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன்.

"அண்ணாச்சி, டயருக்குள்ள மணி போடுதாங்களாமே, அது என்னது?"

கண்ணாடியிலோ செராமிக்கிலோ செய்த சின்ன உருண்டைகள். ஜவ்வரிசியைவிடப் பொடிசு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இதை 'பீட்ஸ்' என்று விற்கிறார்கள். வெளிநாட்டு பிராண்டுகளில் டைனா பீட்ஸ் செராமிக், கவுண்டர்ஆக்ட் கண்ணாடி. ஒரு குறிப்பிட்ட எடைக்கு டயருக்குள் போட்டுக் காற்றடித்துவிட்டால் அவ்வளவுதான். எதிலும் ஒட்டியிருக்காது, டயருக்குள் சும்மா உருண்டுகொண்டே கிடக்கும்.

வழக்கமான முறை தெரிந்ததுதான். ரிம்மில் 5 கிராம், 10 கிராம் ஒட்டு வெயிட் ஒட்டுவோம். ஸ்போக் வீல் என்றால் ஸ்போக்கின் நிப்பிளில் கவ்வுகிற மாதிரி வெயிட் உண்டு. முன்பெல்லாம் இது ஈயம். ஐரோப்பிய நாடுகள் 2005 ஜூலையிலிருந்து கார்களில் ஈய வெயிட்டைத் தடை செய்துவிட்டன, அதனால் இப்போது இரும்பு, துத்தநாக வெயிட்டும் நிறைய வருகிறது.

"முதல்ல பேலன்ஸ் என்னத்துக்கு? என் வண்டியில ஒண்ணுமே ஒட்டல, நல்லாத்தானே ஓடுது."

நன்றாக ஓடினால் விட்டுவிடுங்கள். எந்த டயரும் எந்த ரிம்மும் சுற்றிலும் ஒரே எடையாக இருக்காது. வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனமாக இருக்கும், டயரில் ரப்பர் சேரும் இடத்தில் கொஞ்சம் தடிப்பு இருக்கும். மெதுவாகப் போகிற வண்டியில் அது தெரியாது.

கணக்காகவே பார்க்கலாம். 17 அங்குல ரிம்மில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதல் என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 12 சுற்று சுற்றும். அப்போது அந்த 20 கிராம் சுமார் 2.4 கிலோ அளவுக்கு வெளியே இழுக்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. வேகத்தைப் பாதியாக்கி 40க்கு வந்தால் இழுப்பு பாதியாகக் குறையாது, கால்வாசியாகிவிடும். அதாவது 600 கிராம்தான். சந்தைக்கும் வயலுக்கும் போய்வருகிற வண்டியில் பேலன்ஸ் இல்லாதது ஏன் தெரியவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

"மணி தானாப் போயி சரியான இடத்துல உக்காந்துக்கிடுமாமே. அதுக்கு எப்படித் தெரியும் எந்த இடம்னு?"

கேட்க மாயம் போல இருந்தாலும் இயற்பியல்தான். கனமான பக்கம் உள்ள சக்கரம் சுற்றும்போது தன் நடுப்புள்ளியில் சுற்றாமல் கொஞ்சம் விலகிச் சுற்றும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, விலகல் கனமான பக்கத்தை நோக்கியே இருக்கும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் தலைகீழாகிவிடும்: கனமான பக்கம் உள்ளே ஒதுங்கி, லேசான பக்கம் வெளியே தள்ளி நிற்கும். உள்ளே தடையில்லாமல் கிடக்கிற மணி எப்போதும் வெளியே தள்ளி நிற்கிற பக்கத்துக்குத்தான் ஓடும். அப்போது லேசான பக்கத்தில் எடை கூடுகிறது, அதிர்வு குறைகிறது. அதிர்வு நின்றதும் மணியும் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

வீட்டு வாஷிங் மெஷினில் இதே வேலை நடக்கிறது. துணி ஒரு பக்கமாக ஒதுங்கினாலும் டிரம் பிய்த்துக்கொண்டு ஓடாமல் இருக்க, அதன் விளிம்பு வளையத்துக்குள் உப்புநீர் அடைத்திருப்பார்கள். ஆக, தத்துவம் பழையதுதான், பொய்யும் இல்லை. பைக் டயருக்குள் அது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதில்தான் வழக்கு.

"அதுல என்ன வழக்கு? தத்துவம் சரின்னா வேலை செய்யணும்லா?"

இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, அந்தக் 'குறிப்பிட்ட வேகம்'. வாஷிங் மெஷின் டிரம் மெத்தென்ற ஸ்பிரிங்கில் தொங்குகிறது, அதனால் அந்த வேகம் சீக்கிரமே வந்துவிடும். பைக் சக்கரத்துக்கு மேலே ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) ஸ்பிரிங், கீழே காற்றடைத்த டயர் என்று இரண்டு ஸ்பிரிங். ஃபோர்க்குக்கு ஒரு அதிர்வு, டயருக்கு வேறொரு அதிர்வு. டயர்மேல் சக்கரம் குதிக்கிற அதிர்வு பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 வரை என்பார்கள். சக்கரத்தின் சுற்று இந்த அதிர்வோடு ஒத்துப்போகிற இடம்தான் அந்தக் 'குறிப்பிட்ட வேகம்'. மேலே சொன்ன 12 சுற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் வழக்கமாக ஓட்டுகிற 70, 80 வேகம் சரியாக அந்த எல்லைக்கோட்டில்தான் விழுகிறது. அங்கே மணி உதவுமா, உபத்திரவம் கொடுக்குமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஐரோப்பாவில் 120, 140ல் நாள் முழுக்க ஓட்டுகிறவர் 'அருமை' என்று எழுதுவதும், இங்கே ஒருவர் 'ஒரு வித்தியாசமும் இல்லை' என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இரண்டாவது சிக்கல், உராய்வு. 80ல் போகும்போது ஒவ்வொரு மணியும் தன் எடையைப்போல சுமார் 160 மடங்கு அழுத்தத்தில் டயரின் உள்பக்கம் அப்பிக்கிடக்கும். அப்படி அப்பிக்கிடப்பது எப்படி நகரும் என்று கேட்கிறவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. பதில்: டயர் தரையைத் தொடுகிற இடத்தில் தட்டையாகிறது. அந்தச் சின்ன இடத்தைக் கடக்கிற கணத்தில் மணிமேல் அழுத்தம் இருக்காது, அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். நகர்கிறது என்பது சரி. வெயிட் மாதிரி ஒரு கிராம் பிசகாமல் போய் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

"மெதுவாப் போகும்போது மணி எங்க இருக்கும்?"

நின்ற வண்டியில் அடியில் குவிந்து கிடக்கும். வண்டியைத் தள்ளினால் டயருக்குள்ளிருந்து மணல் சரிகிற மாதிரிச் சத்தம் வரும். புதிதாகப் போட்டவர்கள் இதைக் கேட்டுப் பயந்து திரும்பி வருவது உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. ஏறக்குறைய 6 கி.மீ. வேகம் வந்ததுமே மணி கீழே விழாமல் டயரோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும், சத்தமும் அடங்கிவிடும். ஆனால் சுற்றிலும் பரவி ஒட்டிக்கொள்வது வேறு, பேலன்ஸ் செய்வது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பாதிப்பேர் குழம்புகிறார்கள்.

"ஹேண்டில் ஆடுது அண்ணாச்சி. மணி போட்டா நின்னுருமா?"

இதுதான் நான் அதிகம் கேட்கிற கேள்வி. மணி வாங்க வருகிறவர்களில் பலருக்கு வண்டியில் உள்ள கோளாறு பேலன்ஸே இல்லை. பேலன்ஸ் கோளாறுக்கு ஒரு அடையாளம் உண்டு: ஒரு குறிப்பிட்ட வேகத்தில், உதாரணமாக 75க்கு மேல், நடுக்கமாக வரும், வேகம் குறைந்தால் போய்விடும், மறுபடி அதே வேகத்துக்குப் போனால் மறுபடி வரும். கையில் மரத்துப்போகிற மாதிரி ஒரே சீரான நடுக்கமாக இருக்கும்.

மற்ற ஆட்டங்கள் வேறு. வேகம் குறைந்து 50, 40க்கு வரும்போது ஹேண்டில் இடவலமாக ஆடினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) தளர்ந்திருக்கும், அல்லது முன் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால் டிஸ்க்கையோ டிரம்மையோ பாருங்கள். சீட்டுக்கு அடியில் இடவலமாக அலைந்தால் ரிம்மில் பெண்டு, அல்லது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் புஷ் போயிருக்கும். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக் டக்' என்றால் பேரிங். இந்தச் சாலையில் கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அவை உண்டாக்கிய குழியில் இறங்கி ஏறிய ரிம்முக்கு முதலில் பெண்டு எடுக்க வேண்டும். கோணிய ரிம்முக்குள் எவ்வளவு மணி போட்டாலும் அது கோணலாகத்தான் சுற்றும்.

இன்னொன்று, புது டயர் மாட்டியதும் வருகிற ஆட்டம். டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி, சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி அந்தக் கோட்டையே பாருங்கள். ரிம்முக்கும் கோட்டுக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் முங்கியிருந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடித்தால் 'டப்' என்று உட்காரும். பேலன்ஸ் என்று நினைத்து வந்த ஆட்டம் அதோடு போய்விடும். செலவு கொஞ்சம் சோப்பு.

"அப்ப பேலன்ஸ்தான் கோளாறுன்னு வீட்டுலயே பாத்துக்கிட முடியுமா?"

முடியும். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள், பேட் உரசினால் சக்கரம் பொய் சொல்லும். ஸ்பீடோமீட்டர் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது. மெதுவாகச் சுற்றிவிட்டு, தானாக நிற்கும்போது அடியில் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கால் சுற்று திருப்பிவிட்டுக் கையை எடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோடு அடிக்கு வந்தால் அதுதான் கனமான இடம். அதற்கு நேர் எதிரே 5 கிராம் 5 கிராமாகச் சேர்த்து, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை செய்தால் வேலை முடிந்தது. பைக் டயர் ஒல்லி என்பதால் கார் மாதிரி மெஷினில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, இதுவே போதும்.

புது டயரில் மஞ்சள் பொட்டு இருந்தால் அது டயரின் லேசான இடம். வால்வுக்கு நேராக அதை வைத்து மாட்டச் சொல்லுங்கள். பல வண்டிக்கு வெயிட்டே தேவைப்படாமல் போகும்.

"எவ்வளவு போடணும்? கூடப் போட்டா கூட நல்லதா?"

பைக்குக்குப் பொதுவாக முன்னால் 28 கிராம், பின்னால் 57 கிராம். அவுன்ஸ் கணக்கில் ஒன்றும் இரண்டும். டயர் அளவுக்கு ஏற்ற அட்டவணை பாக்கெட்டோடு வரும், அதன்படி போடுங்கள். ரிம்மில் ஒட்டும் வெயிட்டைவிட மணி வெளிவட்டத்தில் இருக்கிறது, அதனால் கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு: ரிம்மில் 20 கிராம் செய்கிற வேலையை அங்கே 15 கிராம் செய்துவிடும். கூடுதலாகப் போட்டால் எடையைச் சுமந்து திரிவதைத் தவிர லாபமில்லை.

"அதுக்கு எதுக்குக் காசு? சைக்கிள் கடை பேரிங் குண்டைப் போட்டா ஆகாதா?"

கால் அங்குலக் குண்டு ஒன்று சுமார் ஒரு கிராம் இருக்கும், எடை என்னவோ சரிதான். ஆனால் அது இரும்பு. நம் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும், துரு டயரின் உள்தோலைச் சுரண்டும். டியூப்லெஸ் டயருக்குக் காற்றைப் பிடித்து வைப்பதே அந்த உள்தோல்தான். விளையாட்டுத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் குண்டைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது துருப்பிடிக்காது, ஆனால் சூட்டில் தேய்ந்து பொடியாகும். ஆற்று மணலை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். அவரிடம் டீ குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

"புல்லட்டுக்கு டியூப்தான். அதுக்குள்ள போகுமா?"

போகும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு, வால்வு வாயில் ஒரு சின்னக் குழாயும் பாட்டிலும் வைத்துத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். பொடி மணி மட்டுமே அந்த வழியில் நுழையும். டியூப்லெஸ் என்றால் டயரை ரிம்மிலிருந்து ஒரு பக்கம் பிரித்து உள்ளே கொட்டுவது சுலபம்.

டியூப்பில் போடுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. டியூப் பஞ்சரானால் சாதாரண பஞ்சர் கடையில் டியூப்பை உருவி, மடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். உள்ளே மணி இருப்பது அவருக்குத் தெரியாது. கிழிந்த டியூப் என்றால் கடைத் தரை முழுக்க மணி ஓடும், அதில் கால் வைத்தவர் விழுவார்.

"காத்து செக் பண்ணும்போது வால்வு வழியா வந்துராதா?"

வரும், அல்லது வால்வு பின்னில் மாட்டிக்கொண்டு காற்றைக் கசியவிடும். மெதுவாகக் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், பஞ்சர் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதற்காக வடிகட்டி வைத்த வால்வு பின் தனியாக வருகிறது, மணி வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள். அதோடு, காற்றடிக்கும்போதும் இறக்கும்போதும் வால்வை மேல்பக்கம் கொண்டுவந்து நிறுத்துங்கள். மணி அடியில் கிடக்கும், வால்வுப் பக்கம் வராது. பெட்ரோல் பங்கில் அவசரமாக அடிக்கிற பையனிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"மழைக்காலத்துல கட்டி தட்டிப்போகும்னு புனலூர்க்காரரு ஒருத்தரு சொன்னாரு. நெசமா?"

நிஜம். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கணவாய்க்கு மேற்கே கேட்கவே வேண்டாம். மழை டயருக்குள் போகாது, ஆனால் கம்பிரசர் காற்றோடு ஈரம் போகும். கம்பிரசர் டாங்கியின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால் துருக்கலரில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். தினமும் திறந்துவிட வேண்டும், பல கடைகளில் திறப்பதில்லை. அந்தத் தண்ணீர்தான் பொடிப்பொடியாக உங்கள் டயருக்குள் போகிறது. டயருக்குள் உதிர்கிற ரப்பர் தூளோடு அது சேர்ந்தால் மணி பசைபோல ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு அதுவே கனமான பக்கமாகிவிடும்: பேலன்ஸுக்குப் போட்டது பேலன்ஸைக் கெடுக்கும்.

மணி போடத்தான் போகிறீர்கள் என்றால், டயரின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, டயர் மாட்டுகிறவர் பூசிய சோப்புத் தண்ணீர் காய்ந்த பிறகு போடுங்கள். வசதி உள்ள இடத்தில் நைட்ரஜன் அடிப்பது நல்லது, அது உலர்ந்த காற்று. மலிவான பிளாஸ்டிக் மணி காய்ந்த நேரத்திலும் மின்னூட்டத்தால் டயரோடு ஒட்டிக்கொள்ளும், அதை வாங்காதீர்கள்.

"பஞ்சர் ஆனா என்ன செய்ய? உள்ள பஞ்சர் ஜெல்லும் ஊத்தியிருக்கேன்."

ஜெல் ஊற்றிய டயரில் மணி போடவே கூடாது. இரண்டும் சேர்ந்து கூழாகிவிடும். இரண்டில் ஒன்றுதான். தென்மலைக்கு அந்தப் பக்கம் ராத்திரி காட்டு வழியில் தனியாகப் போகிறவர் என்றால், மணியைவிட ஜெல் உங்களுக்கு உபயோகம்.

மணி மட்டும் உள்ள டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், ஓட்டையை மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஸ்ட்ரிப் (ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரி) போடச் சொல்லுங்கள், அப்போது மணி சிந்தாது. ஸ்ட்ரிப்பில் பசையைத் தாராளமாகத் தடவ விடாதீர்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பசையில் மணி ஒட்டிக்கொள்ளும்.

"லாரிக்காரங்க போடுதாங்களே, அப்ப பைக்குக்கும் நல்லதுதானே?"

லாரி டயருக்கு நூற்றுக்கணக்கான கிராம் தேவைப்படும், அவ்வளவு வெயிட்டை ரிம்மில் அடிப்பது சிரமம். அதனால் பையோடு உள்ளே போட்டுவிடுகிறார்கள், ஓட்டத்தில் பை கிழிந்து மணி பரவும். டயர் தேயத் தேய கனமான இடம் மாறிக்கொண்டே இருக்கும், மணி அதோடு தானும் இடம் மாறும் என்பது அங்கே பெரிய வசதி. அந்த வசதி பைக்குக்கும் உண்டுதான். ஆனால் பைக் டயரின் ஆயுளில் இடையே ஒருமுறை 5 கிராம் வெயிட்டை மாற்றி ஒட்டுவது கஷ்டமான வேலையா?

"கேரளாவுல வண்டியில எதை மாத்தினாலும் பிடிக்காங்க. இதுக்கும் ஃபைன் போடுவாங்களா?"

சைலன்சர் மாற்றுவது, ஹேண்டில் மாற்றுவது மாதிரி இல்லை இது. ஆர்.சி.யில் உள்ள விவரம் எதையும் மணி மாற்றுவதில்லை. தேய்ந்த டயருக்குப் பிடிப்பார்கள், அதைக் கவனியுங்கள்.

"சரி, நீங்களே சொல்லுங்க. வெயிட்டா, மணியா?"

கோட்டவாசலிலிருந்து தென்மலை வரை வளைவுக்கு வளைவு 40, 50க்கு மேல் ஏற முடியாது. மலையிலேயே புழங்குகிற வண்டிக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கும் ஆரியங்காவு கடைக்கும் போய்வருகிற வண்டிக்கு, இரண்டுமே வேண்டாம். டயர் காற்றையும் பேரிங்கையும் பார்த்துக்கொண்டால் போதும். தென்காசி, மதுரை என்று சமவெளிச் சாலையில் 80, 90ல் ஓட்டுகிறவருக்கு ஒட்டு வெயிட். மலிவு, ஈரத்துக்குப் பயமில்லை, எந்தக் கடையிலும் சரிபார்க்கலாம். ஒட்டும் இடத்தைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு ஒட்டினால் மழையிலும் விழாது.

மணி யாருக்கு என்றால், டியூப்லெஸ் டயர் உள்ள பெரிய வண்டியில் நூற்றுக்கு மேல் தொடர்ந்து நீண்ட தூரம் போகிறவர், டயரைத் தானே மாட்டிக்கொள்கிறவர், வடிகட்டி வால்வு பின்னும் உலர்ந்த காற்றும் கையில் உள்ளவர். அப்படிப்பட்டவர் இந்தப் பக்கம் வருவது குறைவு. வந்தால் போட்டுக் கொடுப்பேன்.

"வெயிட் ஏற்கெனவே ஒட்டியிருக்கு. அதோட மணியும் போடலாமா?"

போடலாம், ஒன்றுக்கொன்று சண்டையில்லை. பெரிய வித்தியாசத்தை வெயிட் சரிசெய்துவிடும், மிச்சத்தை மணி பார்க்கும். ஆனால் அதற்குப் பிறகு மேலே சொன்ன சாக்பீஸ் சோதனை செல்லாது. சக்கரத்தை எங்கே நிறுத்தினாலும் மணி அடியில் போய்க் குவிந்துகொள்ளும், கனமான இடம் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் மணி போட்ட டயரை பேலன்ஸுக்குக் கொண்டுவந்தால் கடையில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். முதலில் மணியை வெளியே எடுத்துச் சலித்து வைத்துவிட்டுத்தான் சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். எடுத்த மணி காய்ந்து உருண்டையாக இருந்தால் மறுபடி போடலாம், கறுத்துப் பிசுபிசுத்தால் தூக்கிப்போடுங்கள்.